வெட்டுவதற்குப் புல் இல்லை

மே 9, சனி
ஆர்வின் இன்றும் வந்தான். கதவைத் தட்டவில்லை. புல்வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, என் முற்றத்துப் புல்லை வெட்டிவிட்டு, தெரு தாண்டித் தன் வீட்டுக்குப் போய்விட்டான். மார்ச்சில் அவன் ஓட்டிய டிரக் பனியில் சறுக்கியது; பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் டெல்மர் வீடு திரும்பவில்லை. ஆர்வின்மேல் தப்பில்லை என்றது போலீஸ். நானும் அதையேதான் சொன்னேன்.
கோபம் இல்லை. எதுவும் இல்லை. அந்த மெஷின் சத்தம் மட்டும் வேண்டாம்.

மே 16
மறுபடியும். வராதே என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அழுவான். அப்புறம் நான் தேற்ற வேண்டும் — என்னால் ஆகாது.
புல்லே இல்லாவிட்டால்?

மே 21
முற்றம் முழுக்க அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, மேலே மரச்சிராய் கொட்டினேன். அடியில் புல் தானாகச் சாகும். நாத்தனார் வெர்னா காரை நிறுத்தி, "ஏண்டி ஆர்டிஸ், குப்பைய ஏன் வாசல்ல பரப்பி வச்சிருக்க?" என்றாள். "தோட்டம் போடறேன்." வாயில் வந்ததைச் சொன்னேன். இனி போட்டுத்தான் ஆக வேண்டும்.

மே 23
மெஷினோடு நின்றான். "இனிமே நான் எதை வெட்டறது?"
"வெட்ட ஒண்ணும் இல்ல, ஆர்வின்."
தலையாட்டிவிட்டுப் போனான்.

ஜூலை 8
இந்த விஸ்கான்சின் மண்ணிலேயே பிறந்த செடிகள் போதும். குளிரில் பட்டுப்போய், வருஷா வருஷம் வேரிலிருந்து தானாக எழுபவை. என்னை எதுவும் கேட்காதவை. எந்த மாதமும் பூவில்லாமல் இருக்கக்கூடாது, நிறம் பார்த்து வை என்கிறது புத்தகம். நிறம் இப்போது கண்ணில் ஏறுவதில்லை. உயரம் பார்த்து, எது எங்கே என்று காகிதத்தில் வரைந்தேன்.

செப்டம்பர் 19
நட்டாயிற்று. முதுகு வலி.

நவம்பர் 11
எல்லாம் பழுப்பு. "செத்ததை வெட்டிப் போடேன், பாக்க சகிக்கல" என்றாள் வெர்னா.
"சாகல. தண்டுக்குள்ள தேனீ தூங்கும். வசந்தத்துலதான் வெட்டணும்."
எனக்கே என் குரல் யாரோ பேசுவதுபோல இருந்தது.

ஜனவரி 18
பனி.

மார்ச் 6
ஒரு வருஷம். வெர்னா கல்லறைக்குப் போனாள். நான் போகவில்லை. ஏன்? தெரியவில்லை.

மே 15
நான் நட்ட புளூஸ்டெம் காட்டுப்புல் எழுந்துவிட்டது. கோன்ஃப்ளவர் பூச்செடிகளில் பாதிக்கு மேல் எலி தின்றுவிட்டது. நடுவில் பெரிய வழுக்கை. எனக்குக் கோபம் வந்தது! எலிமேல்! கத்தினேன்.

மே 22
வழுக்கையை நிரப்பப் புதுச் செடி வேண்டும். செடிப்பண்ணை தூரம். என் காரில் அத்தனை செடித் தட்டும் அடங்காது. தெரு தாண்டிப் போய் ஆர்வின் கதவைத் தட்டினேன்.
"உன் தம்பி டிரக் கிடைக்குமா?"
"கிடைக்கும். ஆனா... அன்னிலேருந்து நான் வண்டியத் தொடறதில்ல, ஆர்டிஸ்."
"எனக்கு அவ்ளோ பெரிய வண்டி ஓட்ட வராது. நீதான் ஓட்டணும்."
காலணியை மாட்டினான். பிறகு சாவி வாங்கப் போனான்.
ஊர்ந்தோம். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். பாதி வழியில், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அன்னிக்கு டெல்மர் சிரிச்சுட்டு இருந்தான்" என்றான்.
"எதுக்கு?"
"நான் மீன் பிடிச்ச கதைக்கு. ஒரு வார்த்தைகூட நம்பல படுபாவி."
முழுசாகச் சொல்லச் சொன்னேன். சொன்னான். நானும் நம்பவில்லை.
திரும்பும்போது தூங்கிவிட்டிருக்கிறேன். விழித்தால் என் வாசல். டிரக் நின்றிருந்தது; கதவு லேசாகத் திறந்திருந்தது; என்மேல் வெயில் படாமல் கண்ணாடியில் அவன் சட்டை தொங்கியது. செடித் தட்டுகளையெல்லாம் நிழலில் இறக்கி வைத்து, பனியனோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.