நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை

நாரணாபுரம், 12.6.1958

மருமகள் சண்முகத்தாய்க்கு, உன் இடுப்புவலி தேவலையா?

நேற்று, நான் பொங்கிப்போடும் பட்டாசுக் கம்பெனி வாசலில் நின்றவர்கள்: நான், உன் மகள் பஞ்சம்மாள், ஆள் பிடிக்கும் காசிராஜன், உன் புருஷன் பெத்தணன். பயப்படாதே, பிள்ளை சுகம்.

"நிழல்ல உக்காந்து திரி சொருகுற வேலைதான் ஆத்தா" என்றான் காசிராஜன். முன்பணம் ஏற்கெனவே பெத்தணன் மடியில்.

என்னைப் பெற்ற அய்யாவைக் கப்பலேற்றியவனும் "டிரினிடாட்டுல நிழல்ல உக்காந்து சீனி சலிக்கிற வேலை" என்றுதான் சொன்னான். ஆப்பிரிக்க அடிமைகளை அடைத்திருந்த கொட்டடியில் கிடந்து, வெள்ளைக்காரனுக்குக் கரும்பு வெட்டியே அய்யா செத்தார் என்று, திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள்.

"ஏலே, முன்பணம் கழியுற வரைக்கும் என் கூலியைப் பிடிச்சுக்கோ. எம் பேத்தி பள்ளிக்கூடம் போகணும்லே" என்றேன். காசிராஜன் ஒத்துக்கொண்டான்.

அதனால் பொங்கலுக்கு என்னை எதிர்பார்க்காதே. யாராவது வந்தால் கருப்பட்டி கொடுத்துவிடு. கூடக் கொஞ்ச நேரம் இருந்து பேசிவிட்டுப் போகச் சொல்.

பஸ் வந்துவிட்டது, தெரிந்தவர்களோடு பிள்ளையை ஏற்றிவிடுகிறேன். காசிராஜனுக்குப் பொய்தான் பிழைப்பு, தொலையட்டும். பெற்ற மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவனை மட்டும் நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். அவன் என் மகன் பெத்தணன்.