மீன்தொட்டியில் திமிங்கிலம் இல்லை

மார்ச் 3

வருங்கால மருத்துவ மாமேதையும், தற்காலச் சுண்டெலியும், என் ஒரே அக்காவின் ஒரே மகளுமான உனக்கு,

எட்டு மாடிக் கட்டடத்தையும் அதன் ஒற்றை லிஃப்டையும் கட்டி ஆளும் உன் மாமன் எழுதுவது. நானும் உன் அத்தையும் நலம். அவள் என்னைத் திட்டுவது அண்டை நாடுகளில் இடியோசை என்று பதிவாகிறதாம். அதைத் தவிர வேறு விசேஷம் இல்லை.

போன் இருக்கக் கடிதம் ஏன் என்று கேட்பாய். போனில் என் வீரக்கதை சூடு பிடிக்கிற நேரம் பார்த்து "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

கிளினிக்கல் பரீட்சையில் நீ தோற்றதை உன் அம்மா சொன்னாள். "ஸ்டெதஸ்கோப்பைப் பாத்தாலே நடுங்குறாடா" என்றாள். அடி அசடே, அது என்ன, கடிக்குமா? என்னதான் நடந்தது? ஒளிக்காமல் எழுது. உன் மாமன் பூட்டிய பெட்டி. சாவி அத்தையிடம் இருக்கிறது, அது வேறு விஷயம்.

திங்கட்கிழமை லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே பதினேழு பேர் என்று எழுதத்தான் ஆசை. ஒருவர்தான்; ஆனால் பதினேழு பேருக்குச் சேர்த்துக் கத்தினார். மோட்டார் இருப்பது மொட்டை மாடி அறையில். ஸ்பானரை எடுத்துக்கொண்டு புயலாக ஏறினேன். நான் ஏறிய வேகத்தில் படிக்கட்டே பயந்து இரண்டு படி கீழே இறங்கிக்கொண்டது. ஆறாம் மாடியில் பல் டாக்டர் வாசலில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். மீன்கள் இருந்தன. அப்புறம் மேலே போய் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, அந்த மனுஷரைப் பூமிக்கு மீட்டேன். ஆனந்தக் கண்ணீரோடு என் காலில் விழ வந்தார். (உண்மையில், "ஏன்யா இவ்வளவு நேரம்?" என்றார்.)

இப்படிக்கு,
மேலும் கீழும் ஆளும் மாமன்


மார்ச் 8

அன்புள்ள மாமாவுக்கு,

படித்துச் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் பழையபடி பரீட்சை ஞாபகம் வந்துவிட்டது.

அம்மாவிடம்கூடச் சொல்லாததைச் சொல்கிறேன். பரீட்சையில் ஒரு நோயாளியோடு நாற்பது நிமிஷம் நம்மைத் தனியே விடுவார்கள். பேசி, தொட்டு, தட்டி, கேட்டு, என்ன நோய் என்று யோசித்து வைக்க வேண்டும். பிறகு தேர்வாளர் வந்து கேள்வி கேட்பார். ஆனால் எந்தக் கட்டிலில் என்ன நோய் என்று வார்டு அட்டெண்டர் முந்தின நாளே கிசுகிசுத்துவிடுவார். நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டு போவோம். "மூணாம் கட்டில், இதய வால்வு" என்றார். எனக்கு விழுந்தது மூன்றாம் கட்டில். ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். வால்வு கெட்டுப்போனால் கேட்கும் ஓசை கேட்டது. சத்தியமாகக் கேட்டது மாமா.

அன்று காலையில் ஆளை மாற்றிவிட்டார்களாம். அந்தப் பெரியவருக்கு வலப்பக்க நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. இதயத்தில் ஒரு குறையும் இல்லை. "வலப்பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தாத்தாம்மா மூச்சு விட முடியுது" என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் தலையாட்டினேன். தேர்வாளர் கோபப்படவே இல்லை. "நீ நோயாளியைக் கேக்கலைம்மா, வராந்தாவைக் கேட்டிருக்கே" என்றார்.

தோற்றதுகூடப் பெரிதில்லை. இல்லாத ஓசை என் காதில் கேட்டதே, அதுதான் பயம். நாளைக்கு நிஜமாகவே டாக்டராகி, இப்படி எத்தனை பேரிடம் எதையெதைக் கேட்பேனோ?

மறு பரீட்சை ஏப்ரல் பத்து. இப்போதெல்லாம் காகிதத்தில் எழுதித்தான் யோசிக்கிறேன். அவர் வாயால் சொன்னது என்ன? மனசில் முதலில் வந்து உட்கார்ந்த நோய் எது? அதை உடனே நம்பாதே, இன்னும் இரண்டு எழுது. அதில் ஒன்று, தவறவிட்டால் ஆளையே கொன்றுவிடக்கூடியதாக இருக்கட்டும். கடைசியாக: எது பொருந்தவில்லை? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும்போது பேனா நின்றுவிடுகிறது.

உங்கள்
சுண்டெலி


மார்ச் 14

நடுங்கும் நாயகியே,

உன் பயத்தைப் போக்க ஒரு நோயாளியை அனுப்புகிறேன். அட்டெண்டர் யாரும் இவரைப் பற்றிக் கிசுகிசுக்க முடியாது. பெயர் வெளியிட விரும்பாத ஒரு மாமன்னர். சாப்பிட்ட அரை மணியில் அவர் வயிற்றுக்குள் பதினாலு யானைகள் ஊர்வலம் கிளம்புகின்றன. நெருப்பு கக்குகின்றன. (யானை நெருப்பு கக்குமா என்று கேட்காதே, இவை கக்கும்.) பால் குடித்தால் படுத்துவிடுகின்றன. மகாராணி பார்க்காத நேரத்தில் மன்னர் வெளியே வாங்கித் தின்னுவார் என்று ஒற்றர்கள் சொல்கிறார்கள். என்ன நோய்? உன் காகிதத்தை எடு.

லிஃப்ட் இந்த வாரமும் நின்றது. நாலாம் மாடியில் ஒரு காலண்டர் மாட்டியிருக்கிறார்கள். பார்த்துவிட்டு ஏறினேன். இடப்பக்கம் கீழ்த்தாடை வலிக்கிறது. பல்லாக இருக்கும்.

மன்னருக்காகக் காத்திருக்கும்
ராஜவைத்திய விசாரணைக் கமிஷன் தலைவர்


மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

மாமாவின் கணக்கை எப்போதும் பதினாலால் வகுக்க வேண்டும் என்று அம்மா சொல்வாள். ஆகவே மன்னரின் வயிற்றில் இருப்பது ஒரு யானை. முதலில் வந்தது: வயிற்றுப் புண். இரண்டாவது: பித்தப்பைக் கல். தவறவிடக்கூடாதது: புண்ணிலிருந்து ரத்தக் கசிவு. மலம் கறுப்பாகப் போகிறதா என்று மன்னரைக் கேட்டுச் சொல்லுங்கள். மகாராணியிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

தாடை வலிக்குப் பல் டாக்டரைப் பாருங்கள். ஆறாம் மாடியில்தானே இருக்கிறார்.

இன்று வார்டில் ஒரு அம்மாவின் நாடியைப் பிடித்தேன். துடித்தது அவருடையதா என் விரலுடையதா என்று தெரியவில்லை. மூன்று தடவை எண்ணினேன், மூன்று விடை வந்தது.

சுண்டெலி


மார்ச் 25

அன்புள்ள சுண்டெலிக்கு,

பல் டாக்டர் பார்த்தார். பல் நன்றாக இருக்கிறதாம்.

லிஃப்ட் மறுபடி நின்றது. இரண்டாம் மாடியில் வக்கீல் ஆபீஸ் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். நின்றால் வலி போய்விடுகிறது. அத்தையிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

மன்னர் நலம். நன்றாகப் படி.

மாமா


மார்ச் 29

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதம் வரும்போது நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அங்கே வைத்துத்தான் படிக்க வேண்டும். அத்தைக்குப் போன் செய்துவிட்டேன். "ரெண்டு வாரமா மனுஷன் வாயையே தொறக்கலைடி. நான் பாவி, நிம்மதியா இருக்குன்னு இருந்துட்டேன்" என்று அழுதாள். "இப்பவே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். என் மேல் கோபப்பட்டுக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

இன்று மதியம் நூலகத்தில் உங்கள் கடிதங்கள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சும்மா, சிரிக்கலாம் என்றுதான். கடைசிக் கடிதத்தில் சிரிக்க ஒன்றுமே இல்லை. திரும்ப முதலிலிருந்து படித்தேன். என் காகிதத்தை எடுத்தேன்.

வாயால் சொன்னது: தாடை வலி. முதலில் வந்தது: பல். அதை நம்பி, ஒரே வரியில் பதில் எழுதி, உறையை ஒட்டி அனுப்பிவிட்டேன். அதே தப்பு மாமா. மூன்றாம் கட்டிலில் செய்த அதே தப்பு.

எது பொருந்தவில்லை? நின்றால் வலி போகிறது. பல்வலிக்குப் படிக்கட்டு தெரியாது. ஏறினால் வந்து நின்றால் போகிற வலி இதயத்துடையதாக இருக்கலாம். சிலருக்கு அது நெஞ்சில் சொல்லாமல் தாடையில் சொல்லும்.

இன்னொன்றும் பொருந்தவில்லை. மீன்தொட்டியைப் பார்த்தீர்கள், "மீன்கள் இருந்தன" என்று எழுதினீர்கள். என் மாமா பார்த்த மீன்தொட்டியில் ஒரு திமிங்கிலமாவது இருந்திருக்க வேண்டாமா? காலண்டரைப் பார்த்தீர்கள், அது வெறும் காலண்டர். எந்த இடத்தில் கதை அளக்காமல் எழுதியிருக்கிறீர்களோ அந்த இடத்தில் எல்லாம் வலித்திருக்கிறது. அங்கே எல்லாம் மூச்சுக்கு நின்றிருக்கிறீர்கள். ஆறாம் மாடி, நாலாம் மாடி, இரண்டாம் மாடி. மூன்றே வாரம். அடுத்தது தரைத்தளம், அதாவது படியே ஏறாமல் வரும். அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மறுபடியும் இல்லாத ஓசை ஏதாவது கேட்கிறதா எனக்கு? அப்படியே இருக்கட்டும். இந்த ஒரு தடவை நான் தோற்றுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

சுண்டெலி


ஏப்ரல் 3

அக்கா மகளுக்கு,

நீ சொன்னது சரி. மூன்று ரத்தக்குழாயில் அடைப்பு. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அத்தை முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பத்தாம் தேதி காலை ஆபரேஷன். உனக்கு அன்றுதான் பரீட்சை. வராதே.

மீன்தொட்டி முன்னால் நின்ற அன்றைக்கே எனக்குத் தெரியும். இதயம் என்று தெரியாது. ஏதோ சரியில்லை என்று தெரியும். எழுதினால் உண்மையாகிவிடும் என்று எழுதவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வக்கீல் பெயர்ப்பலகையை ஒன்பது தடவை படித்தேன். ஒன்பதுதான். எண்ணினேன்.

பயமாக இருக்கிறது.

மாமா


ஏப்ரல் 10, மாலை

அன்புள்ள மாமாவுக்கு,

பரீட்சை முடிந்தது. நேற்று அட்டெண்டர் வந்தார். "உனக்காகக் கேட்டு வச்சிருக்கேன்மா, ஒம்பதாம் கட்டில்..." என்று ஆரம்பித்தார். "வேணாம் அண்ணே" என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டேன். பாவம், அவர் முகம் வாடிவிட்டது.

எனக்கு வந்தது தையல் வேலை செய்யும் ஒரு அம்மா. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்பதிலிருந்து ஆரம்பித்தார். தடுக்காமல் கேட்டேன். தேர்வாளர் அதே ஆள்தான். "வேற என்னவா இருக்கலாம்?" என்றார், சொன்னேன். "எது பொருந்தலை?" என்றார், அதையும் சொன்னேன். ஏதோ எழுதிக்கொண்டார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரிசல்ட் நாளை. கை நடுங்கவில்லை மாமா. நடுக்கம் எல்லாம் நீங்கள் இருக்கிற பக்கம் போய்விட்டது.

அத்தையிடம் இப்போதுதான் பேசினேன். ஆபரேஷன் முடிந்துவிட்டதாம், நீங்கள் இன்னும் கண் விழிக்கவில்லையாம். அவள் குரல் எப்படியோ இருந்தது. அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

விழித்ததும் ஒரு வரி எழுதுங்கள். நாடி வேண்டாம், ரத்த அழுத்தம் வேண்டாம். உங்கள் கையால் ஒரே ஒரு வரி. படித்து நானே தெரிந்துகொள்கிறேன்.

சுண்டெலி


ஏப்ரல் 13

அக்கா மகளுக்கு,

கண் விழித்தேன். இரண்டு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன்.

மாமா


ஏப்ரல் 15

மூன்று நோய்களை ஒரு காகிதத்தில் அடைக்கும் டாக்டரம்மாவுக்கு,

மேலே உள்ளதைத் தபாலில் போட உன் அத்தை மறுத்துவிட்டாள். "இதைப் படிச்சா அந்தப் பொண்ணு அங்கேயே மயங்கி விழுந்துடும். ஒழுங்கா எழுதுங்க" என்று பேனாவைத் திரும்பக் கையில் திணித்தாள். நீ பாஸ் என்று உன் அம்மா வந்து சொன்னதும்தான் மறுபடி பேனா பிடிக்கத் தெம்பு வந்தது. அவளும் அத்தையும் சேர்ந்து அழுததில் இந்த வார்டில் படகு விடுகிறார்கள்.

ஆகவே திருத்தம். அவர்கள் கொடுத்தது இரண்டு ஸ்பூன் அல்ல, இரண்டு ஏரி. முதல் ஏரியை ஒரே மடக்கில் முடித்தேன். இரண்டாவதைக் குடிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

அதில் ஒரு திமிங்கிலம் இருந்தது.

இப்படிக்கு,
மேலும் கீழும் ஆளும் மாமன்