கையால் திருத்திய வரி

ஜூலை 4, வெள்ளி

எட்டு மணிக்கே வெயில். ஸ்கூட்டியில் வேங்கிக்கால் ஆபீஸுக்கு வந்து சேர்வதற்குள் முதுகெல்லாம் நனைந்துவிட்டது. ஆஸ்பத்திரி பிரின்டருக்கு டோனர் கேட்டு மூன்றாவது மனு.

புதிதாக வந்த ஜீவேந்திரனுக்கு மெயில் சர்வரில் வேலை. ஸ்கேன் படம் பெரிதாக இருந்தால் போவதில்லை என்று புகார். அளவு வரம்பைக் கூட்ட வேண்டும். "எம்.சி.ல மாத்திட்டு சி.எஃப். கோப்பைப் புதுசா உருவாக்கிடறேன் மேடம்" என்றார். தோசையை மென்றுகொண்டே சரி என்றேன்.

எம்.சி. சின்னக் கோப்பு. அதில் நமக்கு வேண்டியதை மேக்ரோவாக, அதாவது சுருக்கக் கட்டளையாக எழுதினால், ஆயிரம் வரிக்கு மேல் சி.எஃப். கோப்பு தானாக உருவாகும். சர்வர் படிப்பது அந்த சி.எஃப். கோப்பை மட்டும். எனக்கு அந்தச் சுற்றுவழிக்குப் பொறுமை கிடையாது. நேரே சி.எஃப். கோப்பைத் திறந்து எழுதிவிடுவேன். 'இதைக் கையால் திருத்தாதே' என்று அதன் தலையிலேயே இருக்கிறது. பதினாலு வருஷமாகத் திருத்துகிறேன். அந்த டாலர் குறி, நட்சத்திரக் குறியெல்லாம் இங்கே என்னைத் தவிர யாருக்கும் படிக்கத் தெரியாது என்பதில் கொஞ்சம் கர்வம். இந்த டைரியிலாவது பொய் எழுதாமல் இருக்கலாம்.

ஜீவேந்திரன் (இனி ஜீ.) கட்சி வேறு. "நமக்கப்புறம் வர்றவங்களுக்குப் புரியணும்ல மேடம். எம்.சி. முப்பது வரிதான். எதுக்கு மாத்தினோம்னு பக்கத்துலயே எழுதி வச்சிடலாம்." ஜைனர். இருட்டுவதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்று ஐந்தரைக்கே டப்பாவைத் திறந்துவிட்டார்.

வாங்க: உளுந்து, கேஸ் ட்யூப், சின்னவளுக்கு கிராஃப் நோட்டு.

ஜூலை 7, திங்கள்

கீழ்பென்னாத்தூர் கிளையிலிருந்து டாக்டரம்மா போன். "வெள்ளிக்கிழமைலேர்ந்து ஒரு லேப் ரிப்போர்ட் கூட வரலைங்க. ஒரு பெரியவரு பயாப்சி ரிசல்ட்டுக்கு ரெண்டு வாட்டி வந்துட்டுத் திரும்பிப் போயிட்டாரு. அவருகிட்ட நான் இன்னான்னு சொல்றது?"

சர்வரில் நாற்பத்தொரு மெயில் தேக்கம். எல்லாம் கிளையின் பழைய மெஷினைத் தேடிக்கொண்டு. அதை ஒதுக்கி இரண்டு வருஷம் ஆகிறது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

மெஷின் மாறிய அன்று பௌர்ணமி. வீடு அடி அண்ணாமலையில். கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிட்டால் வண்டி உள்ளே போகாது. மூன்று மணிக்குள் கிளம்பும் அவசரத்தில், கிளை மெயிலைப் புது மெஷினுக்குத் திருப்ப சி.எஃப்.இல் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு ஓடினேன். எம்.சி.யில் நாளைக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஏற்றவேயில்லை. வெள்ளிக்கிழமை ஜீ. முறைப்படி புதுக் கோப்பை உருவாக்கியதும் என் வரி அதில் இல்லை.

நிர்வாக அலுவலர் வந்து நின்றார். "யாரு கை வச்சது?"

"வெள்ளிக்கிழமை நான்தான் சார் மாத்தினேன்" என்றார் ஜீ.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வரியை மறுபடி எழுதினேன். மறுபடியும் கையால்தான், சி.எஃப்.இல்தான். இரண்டு நிமிஷத்தில் நாற்பத்தொன்றும் போய்விட்டது. "மேடம் கை வச்சா சரியாப் போயிடுது பாருங்க" என்றார் நி.அ. வெட்கமாக இருந்தது.

லேப் பெண் சொன்னது: "சர்வர்லேர்ந்து இங்கிலீஷ்ல ஏதோ வந்துக்கினே இருந்துச்சு மேடம். விளம்பரம்னு விட்டுட்டோம்." மெயில் போய்ச் சேரவில்லை என்று சர்வர் அனுப்பிய எச்சரிக்கை அது.

ஜூலை 8, செவ்வாய்

சாயங்காலம் இடி மட்டும். மழை இல்லை.

பெரியவருக்குப் பயப்பட ஒன்றுமில்லையாம். ஆனாலும் மூன்று நாள் பயந்தது பயந்ததுதானே.

ஜீ. தற்காலிகம். வியாழனோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு டயாலிசிஸ் என்று சென்னை வேலையை விட்டு ஊரோடு வந்தவர். இங்கே இந்த வேலைக்கு வேறு இடம் ஏது? "நான் செக் பண்ணியிருக்கணும் மேடம்" என்று என்னிடமே சொல்கிறார். எங்கும் எழுதி வைக்காததை எங்கே போய் செக் பண்ணுவார்?

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவசரத்துக்குக் கையால் எழுதுவது தப்பில்லை. இன்றைக்கும் எழுதுவேன். ஆனால் மறுநாள்? நேரமில்லை என்று ஒரு வாரம் சொல்லலாம், இரண்டு வருஷம் சொல்ல முடியாது. எனக்கு மட்டுமே தெரிந்த ஒன்று இருப்பது பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

சாப்பாடு இறங்கவில்லை. உளுந்து வாங்க மறந்தாயிற்று.

ஜூலை 9, புதன்

பத்து மணி. நி.அ. அறை. சொல்லிவிட்டேன்.

"சரி விடுங்க மேடம். இத்தினி வருஷத்துல ஒரு தடவை. அவரு டெம்பரவரிதானே, வேற எங்கனா பாத்துப்பாரு."

"தப்பு என்னுது சார். அவர் செஞ்சதுதான் முறை."

"எழுதிக் குடுத்தா உங்க ஃபைல்ல ஏறிடும். ப்ரமோஷன் லிஸ்ட்ல வேற இருக்கீங்க."

எழுதிக் கொடுத்தேன். அரைப் பக்கம். கையெழுத்து கோணல். இரண்டு தடவை படித்துவிட்டு டிரேயில் போட்டார். ஜீ.யை நிறுத்தவில்லை என்று நாலு மணிக்குத் தகவல். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

வீட்டில் சொன்னேன். "போனா போவுது. டீ போடட்டா?" என்றார் என் வீட்டுக்காரர். அழுகை வந்தது.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி. மூன்று மணிக்கே ஆபீஸ் காலி. நான் கிளம்பவில்லை. நடந்து போய்க்கொள்ளலாம்.

ஜீ.யை உட்காரவைத்து முதலிலிருந்து சொன்னேன். திங்கட்கிழமை வாயை மூடிக்கொண்டு நின்றதையும். கேட்டுக்கொண்டார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. கேட்டது இதுதான்:

"இந்த மாதிரி இன்னும் எத்தனை வரி இருக்கு மேடம்?"

தெரியாது என்றேன்.

பழைய சி.எஃப்.இன் நகல் அவரிடம் இருந்தது. எம்.சி.யிலிருந்து உருவானதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். என் கை பட்ட இடம் பதினொன்று. ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல எம்.சி.யில் குறிப்போடு ஏற்றினார். ஏழு முடிந்தது.

மீதி நாலு. நான் எழுதியவைதான், என்னைத் தவிர யாரும் அந்தக் கோப்பைத் தொட்டதில்லை. எதற்காக எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.