பல்லில் மாட்டாத பிலிம்

என் அன்புக்குரிய மச்சானே,

போன இடத்திலும் யாரையாவது கிண்டல் செய்துகொண்டுதான் இருப்பாய். கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைக் கேள். எனக்குக் கோவையாக எழுத வராது. அதனால் சொல்லப்போவதை முதலிலேயே எண் போட்டு வைக்கிறேன்.

1. ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கியிருக்கிறேன். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன்.
2. என் மகளின் காதுகுத்துக்கு எடுத்த பிலிம் சுருளுக்கு உண்மையில் என்ன ஆனது.
3. அதை இத்தனை வருஷம் நான் சொல்லாமல் இருந்தது, உன் தங்கையின் மனம் நோகக் கூடாது என்பதற்காக.

முதலாவது. காஞ்சிபுரத்தில் மூன்று கடை ஏறி இறங்கினேன். கேமரா என்றாலே போனை எடுத்து நீட்டுகிறார்கள். கடைசிக் கடையில் இருந்த அம்மாளிடம், தாளில் குறித்துக்கொண்டு போனதைப் படித்தேன். ஒரே பொத்தான். கண் வைத்துப் பார்க்க ஒரு துளை. எடுத்த படம் உடனே பின்னால் தெரிய வேண்டும்.

"இன்னா ஐயா, பொண்ணு பாக்கற மாதிரி லிஸ்ட்டு வச்சிக்கினு கீறீங்க," என்று சிரித்தார். அலமாரியில் தேடி, யாரோ விற்றுவிட்டுப் போன சின்ன கேமரா ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார்.

துளையில் கண்ணை வைத்ததும் நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய கேமரா நினைவுக்கு வந்தது. முப்பத்தாறு படம்தான் என்பதால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு யோசிப்போம். உத்திரமேரூர் ஏரிக்கரையில் கொக்கு இறக்கை விரிக்கும்வரை நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். நான் வெளிச்சத்தைக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் கொக்கு போயிருக்கும். கழுவி வந்த படங்களில் நல்லவை எல்லாம் நீ எடுத்தவை. படம் கைக்கு வரும்வரை ஒரு வாரம் காத்திருப்போமே, அந்தச் சுகம் இந்தக் கேமராவில் இல்லை. அது வேண்டாம் என்றுதான் இதை எடுத்தேன். ஏன் என்று அப்போது உன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது. அன்று காலை பிலிம் போட்டவன் நான். தாய்மாமனாகக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நீ மனையில் உட்கார்ந்திருந்தாய். படம் எடுத்தவனும் நான்தான். அவசரத்தில் பிலிமின் நுனி, உள்ளே அதை இழுக்கும் சக்கரத்தின் பல்லில் மாட்டவில்லை. சுற்றும்போது இடப்பக்கக் குமிழும் கூடவே திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது; பிலிம் நகரவே இல்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று அதுவரை நம் கேமராவுக்கு முன்னால் நிற்காத உன் அப்பா, பேத்திக்காக அன்று ஒரு நாள்தான் நின்றார்.

ஸ்டூடியோவில் வெறும் பிலிமைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தால் மாமா, உன் அப்பா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நான் வாயைத் திறக்கும் முன் நீ சொன்னாய்: "நைனா, நான்தான் பிலிம் போட்டேன். சரியா மாட்டல."

வீட்டு மாப்பிள்ளை தலைகுனியக் கூடாது என்று நினைத்தாய், இல்லையா? அடுத்த அறுவடைக்குள் மாமா போய்விட்டார். அவர் முகம் எந்தப் படத்திலும் இல்லை.

அதன் பிறகு எந்த விசேஷத்தில் நீ கேமராவைத் தொட்டாலும் யாராவது ஆரம்பிப்பார்கள். "யோவ், அவன் கைல குடுக்காதய்யா. வெறும் பிலிமத்தான் கழுவிக்கினு வருவான்." நீயும் சேர்ந்து சிரிப்பாய். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாய். கேமரா என் வீட்டிலேயே தங்கிவிட்டது.

நேற்று, வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த உன் தங்கையை முதல் படமாக எடுத்துக் காட்டினேன்.

"இது அப்பவே இருந்திருந்தா எங்கண்ணன் அத்தினி பேச்சு கேட்டிருக்க மாட்டான். பாவம்," என்றாள்.

சொல்லிவிட்டேன், மச்சான். ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். கோபம் வந்தால்தான் என்னை 'நீ' என்பாள்.

"பொண்ணு கல்யாணத்துல, நான் நாலு படம் புடிக்கட்டுமா மாப்ளன்னு உன்கிட்ட வந்து நின்னானே. இன்னா சொன்ன நீ?"

"அதுக்கு ஆள் வச்சிருக்கோம்னு சொன்னேன்."

"அவன் மூஞ்சிய நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

முறத்தை மறுபடி எடுத்துப் பாதிக் கடலையை உரித்தாள். பிறகு சொன்னாள்: "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எங்க அண்ணிகிட்ட போயி சொல்லு. சிரிச்சவங்க அத்தினி பேரும் கீறப்போ சொல்லு."

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் திதி. தாமலில் உன் வீட்டில் எல்லோரும் கூடுகிறார்கள். இலை போடுவதற்கு முன் எழுந்து நின்று சொல்வேன். குரல் உடைந்தாலும் பாதியில் உட்கார மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மூன்றாவதை விரித்து எழுதப் பார்த்தேன். ஒரு வரியும் வரவில்லை. மேலே மூன்றாவதாக எண் போட்டு நான் எழுதியது தவறு. உன் தங்கையின் மனதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. உங்கள் வீட்டில் எனக்கு இருந்த மரியாதை போய்விடுமோ என்று பயந்தேன். அவ்வளவுதான், மச்சான்.

உன் தங்கையின் வீட்டுக்காரன்,
நீ காப்பாற்றிய மாப்பிள்ளை