நாம் சேர்ந்து வரைந்த மல்டிடூல்

மாமு,

மாத்தூருக்கு வீடு மாறுகிறோம். இன்று காலை பரணிலிருந்து கூடாரப் பையை இறக்கித் திறந்தேன். ஈர விறகுப் புகையின் வாசனை இன்னும் அதில் இருக்கிறது. நம் கடைசிப் பயணத்துக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது.

நாகலாபுரம் மலையில் முதல்முறை கூடாரம் போட்ட அன்று நல்ல மழை. கடையில் வாங்கிய மல்டிடூலில், ஒரே கைப்பிடிக்குள் மடங்குகிற பதினெட்டு சாமான்கள் இருந்தன. நனைந்த கையால் கத்தியைத் திறக்க முடியாமல் நீ பல்லால் இழுத்தாய். வெளியே வந்தது நகவெட்டி. சிரித்து ஓய்ந்ததும், "நாமளே ஒண்ணு செய்லாம் மாமு. அஞ்சே சாமான். அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்" என்றாய்.

நீ திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். எனக்குக் காலடிப்பேட்டையில் லேத் பட்டறை. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்குள் உட்கார்ந்து வரைந்தோம். கத்தி, பிளேயர், ரம்பம், டின் ஓப்பனர், கூடாரத் துணியில் ஓட்டை போட ஒரு குத்தூசி. பிளேயரை விரிக்காமலே கத்தி மட்டும் ஒரே கையால் திறக்க வேண்டும் என்பது உன் பிடிவாதம். எந்த எஃகு துருப்பிடிக்காது என்று பார்க்க, எண்ணூர் கடல் தண்ணீரைக் கேனில் கொண்டுபோய் உன் வீட்டில் வைத்தாய். உன் மனைவி செல்வி அதில் சோறு வடித்துவிட்டாள். ஒரு வாரம் அதைச் சொல்லியே நம்மைத் திட்டினாள்.

பட்டறையில் நாம் செய்த மூன்றாவது மாதிரியில்தான் தப்பு நடந்தது. விரித்த கத்தி மடங்கிவிடாமல் முட்டுக்கொடுக்க உள்ளே ஓர் எஃகுப் பட்டை வைத்திருந்தாய். அது ரொம்ப விறைப்பு, கத்தியைத் திறந்து மூடவே கஷ்டம். மலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், உன்னைக் கேட்காமல், அதன் முனையை அரத்தால் தேய்த்துவிட்டேன். கத்தி வழுக்கிக்கொண்டு திறந்தது, மூடியது. நீயே கண்டுபிடித்துப் பாராட்டுவாய் என்று சொல்லாமல் இருந்தேன்.

மறுநாள் மலையில் மூங்கிலைப் பிளக்க நீ அழுத்தியபோது கத்தி மடங்கி உன் வலது கை விரல்களில் இறங்கியது. துண்டைச் சுற்றிக் கட்டி, உன்னைத் தாங்கியபடி மூன்று மணி நேரம் இறங்கினேன். வழியெல்லாம் நீதான் பேசிக்கொண்டு வந்தாய். "நான் சரியா பூட்டல போலகீது" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை.

தைத்துவிட்டார்கள். ஆனால் இரண்டு விரல்கள் அப்புறம் மடங்கவே இல்லை. ஃபிட்டர் வேலை போயிற்று. ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் காவலுக்கு நின்றாய். இரண்டு வருஷம் கழித்து வந்த காய்ச்சல் மூன்றே நாளில் உன்னைக் கொண்டுபோனது. சாவுக்கு வந்தவர்களிடம், இந்த அண்ணன்தான் அன்றைக்கு மலையிலிருந்து அவரைக் கூட்டி வந்தார் என்று செல்வி சொல்லிக்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

இன்று பையைப் போட்டது போட்டபடி உன் வீட்டுக்குப் போனேன். செல்வி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. மீனைக் கழுவி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"தெரியும்ண்ணா. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கே அந்தக் கத்தியப் பிரிச்சிப் பாத்தாரு. அரம் பட்ட எடத்த என்னாண்ட காட்னாரு."

நீ ஃபிட்டர். பார்த்ததும் உனக்குத் தெரிந்துவிடும் என்பதுகூட இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லை. நீ ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று அவளிடம் கேட்டேன்.

"நானும் அதான் கேட்டேன். அவனே வந்து சொல்வான், இருன்னாரு. ஞாயித்துக்கெழமை நீங்க வந்து குந்துனதும் என்னை உள்ள போவ சொல்லிடுவாரு."

ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் உன் வீட்டுக்கு வந்தேன், மாமு. மழையைப் பற்றிப் பேசினேன், கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினேன். நீ தலையாட்டிக் கேட்டாய். நடுவில் அடிக்கடி நீ பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாய். கை வலிக்கிறதோ என்று பயந்து, நான் அவசரமாக வேறு எதையாவது பேச ஆரம்பிப்பேன். நான் சொல்வதற்காக நீ விட்டுவைத்த நேரம் அது. இரண்டு வருஷத்து ஞாயிறுகள். அத்தனையிலும் நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன்.