கழித்துப் போட்ட ஜாடிகள்

விருத்தாசலம்,
14.8.2006

அன்புள்ள பெரியநாயகி அண்ணிக்கு,

நீலாவதி வணக்கத்துடன் எழுதுவது. பம்பாயில் எல்லாரும் சுகந்தானே? இங்கே நலம் என்று எழுதினால் அது பொய். உங்கள் தம்பிக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டிவிட்டது. எடை தொண்ணூற்றாறு கிலோ. இப்படியே போனால் காலுக்கு ஆபத்து என்கிறார் டாக்டர்.

வீட்டில் இரண்டே சப்பாத்திதான் கொடுக்கிறேன். பிறகு எப்படி உடம்பு ஊதுகிறது? சட்டையில் பஜ்ஜி வாசனை வேறு. எவளோ ஆக்கிப் போடுகிறாள் என்று நினைத்தேன், அண்ணி. பீங்கான் கம்பெனி வாசலில் டீக்கடை வைத்திருக்கும் கனகாவிடம் போய் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். பாவம் அவள்.

போன வியாழக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் கம்பெனிக்கே போனேன். அவர் வேலை செய்யும் கொட்டகையில், சூளையில் விரிசல் விட்டதென்று கழித்துப் போட்ட ஊறுகாய் ஜாடிகள் கிடக்கும். ஒவ்வொன்றாகத் திறந்தேன். மிக்சர், வெல்லம், பஜ்ஜி. ஒன்றில் பூசணம் பூத்த இட்லி. கேட்டதற்கு, "நாளைக்கு இருக்குமோ இருக்காதோன்னு வச்சேன்" என்று சொல்லி அழுதார். நாற்பத்தைந்து வயசு ஆள்! மேலே கேட்டால், அக்காவைக் கேளு என்கிறார்.

எனக்கு உங்கள் மேலும் சந்தேகந்தான், மறைப்பானேன். பெண் பார்க்க வந்தபோது, எங்கள் சித்தி தங்கமானவள் என்று சொன்னது நீங்கள்தானே? போய்ச்சேர்ந்தவளைப் பற்றிப் பேசக் கூடாது. ஆனாலும் தாயில்லாத உங்கள் இரண்டு பேருக்கும் அவள் சோறு போட்டாளா, இல்லையா?

டாக்டர் பேச்சைக் கேட்டு நான் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன். சாவிச் சத்தம் கேட்டாலே உங்கள் தம்பி எழுந்து வெளியே போய்விடுகிறார். நேற்று அன்பரசியின் ஸ்கூல் பையில், நோட்டுக்கு நடுவே நசுங்கிய தோசை இருந்தது. யாருக்கடி என்றேன். "எனக்குத்தாம்மா. அப்புறம் பசிச்சா நீ பூட்டியிருப்பியே" என்றாள். எட்டு வயசுப் பிள்ளை, அண்ணி.

உங்கள் சித்தியும் இப்படித்தான் சாவியைச் செருகியிருந்தாளா? உள்ளதை எழுதுங்கள், கோபப்பட மாட்டேன்.

எழுத மனசு வராவிட்டால் ஒரு நடை வந்துபோங்கள். உங்களையும் அவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பரிமாறுகிறேன். போதும் என்று நீங்கள் சொல்லும்வரை கரண்டியைக் கீழே வைக்க மாட்டேன். டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
நீலாவதி