எதிர் அணிக்காரி நிறுத்திய கார்

விளாத்திகுளம்,
தை மாதம்.

அன்பு மகள் பொன்மணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், மழை தப்பாமல் பெய்ததால் கரிசலில் மிளகாயும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக உன் இடது தோள்பட்டை.

கார் பனியில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியதை நீ போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். அம்மா சிரிக்கவில்லை, போனை என் கையில் கொடுத்துவிட்டு நேரே அம்மன் கோயிலுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்ததும் நான்தான் விளக்கிச் சொன்னேன், அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கு முன்னால் யாரை வேட்பாளராக நிறுத்துவது என்று கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் உண்டு, மாநிலம் மாநிலமாக ஜனங்கள் ஓட்டுப் போடுவார்கள், நம் மகள் இருக்கிற மாநிலம் ஆரம்பத்திலேயே போடுகிறது, அவள் அதில் போட்டியிடும் ஒரு டீச்சரம்மாவுக்காக ஓட்டுக் கேட்டு வேலை பார்க்கிறாள், எதிரே நிற்பவர் பெரிய கை என்று. எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ரெண்டு பேரும் ஒரே கட்சிக்காரவியதானா, பெறவு என்னத்துக்கு அடிச்சிக்கிடுதாவ" என்றாள்.

நீ சொன்னதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். நடக்க முடியாத டோரத்தி அம்மாளை ஓட்டுப் போடக் கூட்டிப் போகிற வழியில் இப்படி ஆகி, நீ தோள்வலியோடு உள்ளேயே கிடக்க, எத்தனையோ வண்டிகள் தாண்டிப் போக, ஒன்று மட்டும் நின்றது. அதன் கண்ணாடியில் எதிர் அணிக்காரர் படம். அதை ஓட்டி வந்த மார்த்தா தன் கோட்டைக் கழற்றி உனக்குப் போர்த்தி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாளாம். டோரத்தி அம்மாளோ ஓட்டுப் போடாமல் வரமாட்டேன் என்று அடம் பிடிக்க, நீயும் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே சொல்ல, வழியிலிருந்த சாவடியில் வண்டியை நிறுத்தி அந்த அம்மாளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போயிருக்கிறாள், தன் ஆளுக்கு விழாத ஓட்டு என்று தெரிந்தும். பிறகு தன் ஆள் ஜெயித்த கொண்டாட்டத்துக்குக்கூடப் போகாமல், மாப்பிள்ளை வந்து சேருகிற மட்டும் உன் பக்கத்திலேயே இருந்தாளாமே. பழக்கமில்லாத தேசத்தில் உனக்கென்று யார் இருக்கிறார்கள் என்ற பயம் நீ விமானம் ஏறிய நாள் முதல் என் நெஞ்சில் கிடந்தது. இப்போதுதான் அது கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

டீச்சரம்மா தோற்றதற்கு நீ அழுததாக மாப்பிள்ளை சொன்னார். நானும் டி.வி. பார்த்தேன், முன்னால் நிற்பவரை இனிப் பிடிக்க முடியாது என்றே பேசுகிறார்கள். பணம், ஆள், பேர் எல்லாம் அவரிடம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். டீக்கடையில் முத்துசெல்வம் அண்ணாச்சி, "மொதப் பறிப்பப் பாத்தே வெள்ளாமையச் சொல்லிருவாவளாக்கும், செடியில இன்னும் எவ்வளவு கெடக்கு" என்றார். எனக்கும் ஆறுதலாக இருந்தது, ஆனால் முதல் பறிப்பிலேயே தெரிந்துபோகிற வருஷங்களும் உண்டு. அடுத்த மாநிலத்துக்கும் போகப்போகிறேன் என்கிறாய். "கட்டுப் போட்ட கையோட எங்க போறா, வீட்டுல கெடக்கச் சொல்லுங்க" என்கிறாள் அம்மா. நான் விட்டுவிடு என்று சொல்லவில்லை, எலும்பு கூடுகிற வரை வீட்டிலிருந்தே போனில் ஓட்டுக் கேள். தோற்கிற பக்கம் நிற்கிறாய் என்று எனக்கு வருத்தமில்லை. அத்தனை வலியிலும் ஒரு அம்மாளின் ஓட்டை நினைத்தாயே, அது போதும்.

செண்பகராஜ் மகன் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் இந்தக் கடிதத்தோடு மிளகாய்ப்பொடியும் கோவில்பட்டி கடலைமிட்டாயும் கொடுத்துவிடுகிறோம். மிட்டாயில் பெரிய பாக்கெட் மார்த்தாவுக்கு. அம்மா முதலில் சின்னதைத்தான் எடுத்து வைத்தாள், பிறகு அவளே மாற்றிவிட்டாள். தபாலில் அனுப்பாதே, நீயே போய்க் கொடு. தேர்தல் பேச்சு வந்தால் வரட்டும், அதில் நீ விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

மாத்திரையை நேரத்துக்குப் போடு, பனியில் தனியாக வண்டி எடுக்காதே. அம்மன் துணையிருந்து நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைந்து வாழ வேண்டும். அம்மா ஒன்று எழுதச் சொல்லி பக்கத்திலேயே நிற்கிறாள். மார்த்தாவைப் பெற்றவள் உயிரோடு இருந்தால், பொன்மணியைப் பெற்ற விளாத்திகுளத்து இசக்கியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டதாக அவளிடம் சொல்ல வேண்டுமாம்.

என்றும் உன் நினைவாக,
அப்பா வேல்சாமி